உதடும் நாவும்

கார்ட்டூன் பாத்திரத்தின் வாயசைவைக் குரலோடு பொருத்துவது முன்பு ஓவியரின் கைவேலை. இன்று அதைச் செயற்கை நுண்ணறிவு செய்கின்றது. ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளரின் பங்களிப்புடன் 2020இல் வெளிவந்த 'வேவ்டூலிப்', எந்த மொழிக் குரலையும் எந்த முகத்துக்கும் பொருத்த முனைந்தது. வரவேற்கத்தக்க முயற்சியே.

ஆயினும் பொருத்தம் வேறு, உச்சரிப்பு வேறு. ப, ம இதழ்கள் இயையவும், உ, ஒ இதழ் குவியவும், வ பல்லும் இதழும் இயையவும் பிறக்கும் என்கிறது தொல்காப்பியப் பிறப்பியல். இவை கண்ணுக்குத் தெரிபவை, கருவிக்கு வசப்படுபவை. ல, ள, ழ மூன்றும் நாவின் தொழில்; வாயினுள் மறைந்தவை. குரல் 'பள்ளி'யைப் 'பல்லி' என்றாலும் உதடு பிசகின்றிப் பொருந்தும். பார்க்கும் பிள்ளை அதையே சரியென நம்பிவிடும்.

தஜ்வீத் பயின்ற வாசகருக்கு இது புதிதல்ல. பா, மீம், வாவ் ஆகியவற்றை உஸ்தாதின் உதட்டிலே காணலாம். தொண்டையில் பிறக்கும் ஐன், ஹா அப்படியல்ல. ஓதிக்காட்டி, ஓதச்செய்து, கேட்டுத் திருத்தும் ஒருவரின்றி அவை கைவரா.

எனவே, வகுப்பில் இத்தகைய காணொளிகளைக் காட்டும் ஆசிரியன் என்ற வகையில் நான் சொல்வது இதுதான்: அவற்றை மதிப்பிடுவோர் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். வாயசைவின் நேர்த்தியைப் பிறகு பேசலாம்.