துரை பங்களாவும் தொழிலாளர் லயமும்

மலையகத்தின் பழமையையும் இயற்கையையும் பாதுகாக்க வேண்டும் என்ற குரல் இன்று பலமாகக் கேட்கிறது. பழைய கட்டடங்களை இடிக்காதீர்கள், காட்டை அழிக்காதீர்கள், அருவியை வற்ற விடாதீர்கள் என்கிறார்கள். இப்படிச் சொல்வோரை வேலையற்றவர்கள் என்று ஏளனம் செய்வது அறியாமை. லாபம் ஒன்றையே கண்ணாகக் கொண்ட சமுதாயத்தில், விலை பேசக் கூடாத பொருள்களும் உண்டு என்று எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். ஆயினும் அவர்களிடம் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். எதைக் காக்கிறீர்கள்? யாருடைய நினைவாகக் காக்கிறீர்கள்?

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் இயங்காமல் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996ஆம் ஆண்டு ஹோட்டலாக மாற்றப்பட்டது. கட்டடத்தை இடித்துத் தள்ளாமல் அதன் உருவத்தைக் காப்பாற்றியது பாராட்டத் தக்கதே. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பலவும் இவ்வாறே விருந்தினர் விடுதிகளாகிப் புதுப்பொலிவு பெற்றிருக்கின்றன. கண்டிக்கு அருகே ஹந்தானையில் 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. லூல்கந்துரவில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள் அங்கே போற்றி வைக்கப்பட்டுள்ளன. வைக்கட்டும். ஆனால் அந்த 19 ஏக்கரில் காட்டை வெட்டிய கைகள் எவை? குழி தோண்டிக் கன்று நட்ட கைகள் எவை? டெய்லருக்குப் பெயர் இருக்கிறது. அவர்களுக்குப் பெயர் இல்லை.

இந்த மறதிக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதையே பழம்பெரும் சின்னம் என்று வரையறுத்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய நாள் அது. தென்னிந்தியாவிலிருந்து ஏழை உழவர்கள் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டதோ அதற்குப் பின்னர். பிந்திய காலத்துச் சின்னங்களையும் தனி ஆணையால் காக்க வழி உண்டு என்பது உண்மை. ஆயினும் எந்த லயத்துக்காக யார் அந்த ஆணையைக் கேட்டார்கள்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டு மக்களாகவே கணக்கில் கொள்ளப்படாதவர்களின் சுவடுகளை நாட்டின் பழமையாகக் கொள்ள எவருக்குத் தோன்றும்?

இயற்கைப் பாதுகாப்பின் கதையும் இத்தகையதே. மலைநாட்டுப் பெருங்காடுகளை அழித்தது பசித்த மனிதனின் கோடரியன்று. முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தோட்ட முதலாளித்துவம் அதை அழித்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளையாவது விட்டுவையுங்கள் என்று 1873ஆம் ஆண்டு தாவரவியல் அறிஞர் ஹூக்கர் எடுத்துரைத்த பின்னரே சிறிது எஞ்சியது. அவ்வாறு எஞ்சிய ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு தேசிய வனமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பிற வனங்களோடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. அங்கே வருவோரை வரவேற்கும் கட்டடம் எது தெரியுமா? வெள்ளைத் துரைமார் வேட்டைக்கு வந்து தங்கிய ஃபார் விடுதி! வேட்டையாடியவனின் வீடு வனவிலங்குகளின் காட்சிக்கூடமாகிவிட்டது. அதே வேளையில் விறகு பொறுக்கச் செல்லும் தோட்டத்துப் பெண்ணைக் காட்டின் பகைவர் என்று சொல்ல நாம் தயங்குவதில்லை.

தொழிலாளருக்குப் பழமையிலும் இயற்கையிலும் பற்றில்லை என்று கூறுவோரும் உண்டு. அவர்கள் மஸ்கெலியாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1960களின் இறுதியில் பழைய மஸ்கெலியா நகரை விழுங்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது மூழ்கிய கோயில் தலை காட்டும். மக்கள் திரண்டு சென்று காண்பார்கள். பற்றுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தலவாக்கலையில் மேல் கொத்மலை மின்திட்டம் வந்தபோது சென் கிளேயர் அருவிக்காகச் சூழல் காப்பாளர்கள் குரல் எழுப்பினார்கள். வீடும் நிலமும் பறிபோகுமே என்று மலையக மக்களும் எதிர்த்தார்கள். எதிர்ப்பின் பயனாகத் திட்டம் சுருக்கப்பட்டது; வேறு சில அருவிகள் தப்பின. 2012ஆம் ஆண்டு அது இயங்கத் தொடங்கியது. அருவிக்கு அழுதவர்களும் வீட்டுக்கு அழுதவர்களும் ஒரே மேடையில் இறுதிவரை நின்றிருந்தால் இன்னும் எவ்வளவோ சாதித்திருக்கலாம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மலைச்சரிவைக் காப்பது சுற்றுலாப் பயணிக்கு அழகுப் பிரச்சினை; சரிவில் குடியிருப்பவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

அப்படியானால் லயங்களையும் காக்க வேண்டுமா என்று கேட்கலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மூன்று தலைமுறை புகைந்து வாழ்ந்தவன், "இந்தச் சனியனையா காப்பாற்றப் போகிறீர்கள்?" என்று சீறுவான். அவன் சீற்றம் நியாயமானது. மனிதர் குடியிருக்கும் லயம் ஒன்றுகூட எஞ்சக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணியும் உறுதியும் தனி வீடும் கிடைக்க வேண்டும். ஆனால் அதன்பின், ஒரு தோட்டத்தில் ஒரு லயமேனும் சாட்சியாக நிற்க வேண்டும். குற்றத்தின் தடயத்தை அழித்துவிட்டால் குற்றமே நடக்கவில்லை என்பார்கள். இது வெறும் கனவன்று. கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று 2007ஆம் ஆண்டு முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக நிற்கிறது. மாடமாளிகை இல்லை, அங்கே இருப்பவை உழைத்த மக்களின் புழங்கு பொருள்கள்.

ஆசிரியர்கள் தம் மாணவர்களை ஹந்தானைக்கு அழைத்துச் செல்லட்டும். கம்பளைக்கும் அழைத்துச் செல்லட்டும். இரண்டையும் கண்ட மாணவன்தான் தேயிலையின் வரலாற்றை முழுதாகக் கண்டவன். பாதுகாப்பு இயக்கம் பங்களாவின் முற்றத்தோடு நின்றுவிட்டால் அது துரைத்தனத்தின் நினைவஞ்சலியாகவே முடியும். லயத்து வாசலுக்கு அது இறங்கி வரட்டும். அன்று அது மக்கள் இயக்கமாகும்.