முதல் மழையும் இழுவைச் சங்கிலியும்

கரிசலில் உழவுக்குப் பதம் நிற்கும் நாட்கள் குறைவு. மழை விட்ட மறுநாளே இறங்கினால் மண் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு வரும். நாள் தள்ளிப்போனால் கொத்துக் கலப்பை மேலே கீறிக்கொண்டு போகும். இடையில் கிடைக்கும் நாட்களுக்குள் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் நிலம் தயாராக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் பக்கம் அறுவடைக்குப் பிறகு கொட்டகையில் நின்றுவிட்ட டிராக்டர், சரியாக அந்த நாளில்தான் சாவி போட்டால் முனகும். சில வண்டி முனகக்கூடச் செய்யாது. உடனே பக்கத்து வீட்டு வண்டி வரும், சங்கிலி வரும், யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். அரியலூர் மாவட்டத்தில் திருமானூர், தா.பழூர் என்று கொள்ளிடக் கரையோரம் போனால் இந்தக் காட்சி குறைவு. நெல்லும் கரும்பும் இருக்கும் இடத்தில் வண்டிக்கு அவ்வளவு நீண்ட ஓய்வு கிடைப்பதில்லை. இது பெரும்பாலும் மானாவாரிக்காரர் படும் பாடு.

கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதை விவரம் தெரியாதவர் வேலை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். உள்ளே வாங்கிய காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். மேஸ்ஸி 1035 போன்ற பழைய வண்டிகளில் டீசல் பம்பை ஓட்டுவதும் எஞ்சினின் பல்சக்கரம்தான். மின்சாரத்தின் முக்கிய வேலை செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதோடு முடிகிறது. பேட்டரி இறங்கிவிட்டால், தன்னைச் சுற்றுவது செல்ஃபா, முன்னால் போகிற வண்டியா என்று எஞ்சின் கேட்கப்போவதில்லை. பேட்டரியைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். அதற்குள் ஈரமும் போய்விடும். இழுவைக்கு ஐந்து நிமிடம். அந்தக் கணக்கில் பிழையே இல்லை.

பிழை இருப்பது வேறு இடத்தில். எல்லா நோய்க்கும் இதே மருந்தைக் கொடுக்கிறோம்.

செல்ஃப் விறுவிறுவென்று சுற்றுகிறது, ஆனாலும் வண்டி பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது சங்கிலி கட்டுவதில் என்ன பயன்? செல்ஃப் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிற வேலையைத்தான் முன் வண்டியும் செய்யப்போகிறது. பார்க்க வேண்டியது சைலன்சரை. சுற்றும்போது புகையே வரவில்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை: நெருக்கம் குறைந்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். சுற்றுவதே மந்தமாக இருந்தால் பேட்டரியையும் டெர்மினலையும் பார்க்க வேண்டும். பூத்துப்போன டெர்மினலை வெந்நீர் ஊற்றிக் கழுவித் தேய்த்து முறுக்கியதுமே பிடித்துக்கொண்ட வண்டிகள் உண்டு. காதும் கண்ணும் சொல்கிற இந்த மூன்று சேதியையும் கேட்காமல் சங்கிலிக்குப் போவதுதான் நம் பழக்கத்தின் பெரிய குறை.

நின்ற வண்டியில் அதிகம் காண்பது ஏர் வாங்கிய கோளாறு. காப்பர் வாஷர் தேய்ந்தோ, ரப்பர் ஓஸ் வெடித்தோ இருந்தால், நிற்கிற மாதங்களில் குழாயில் உள்ள டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிப்போய் அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்கிறது. நாசில் திறக்க 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். டீசல் அந்த அழுத்தத்தைக் கடத்தும். காற்றோ பஞ்சு மாதிரி அமுங்கிக் கொடுத்துவிடும், நாசில் திறக்காது. இதற்கு ஊரில் எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வைத்தியம் ஏர் எடுப்பது. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கை பம்பை அடித்தால் நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்கிவிட்டு, பம்பில் உள்ள திருகிலும் அதையே செய்ய வேண்டும். அப்புறமும் பிடிக்காவிட்டால் நாசில் குழாய்களின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும், பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் போகாமல், நடுவே ஒரு நிமிடம் ஆறவிட்டு. பொறுமை இருந்தால் கால் மணி நேர வேலை. நீளமாக இழுத்தாலும் சில சமயம் ஏர் வெளியேறி வண்டி பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தேய்ந்த வாஷர் அங்கேயே இருக்கும், அடுத்த மழைக்கும் காத்துக்கொண்டு. வண்டி ஓடத் தொடங்கியதும் யாரும் அதைத் தேடுவதில்லை.

தண்ணீர் விஷயத்தில் வண்டிக்காரரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. அரை டேங்கோடு நிற்கிற வண்டியில், இரவுக் குளிரில் டேங்கின் உட்சுவர் வியர்த்து நீர் அடியில் தங்கும். டேங்கை நிரப்பி நிறுத்துங்கள் என்பது நல்ல அறிவுரைதான். நிரப்பி நிறுத்தினால் திருட்டுப் பயம், கையில் காசு இல்லாத மாதமாகவும் அது இருக்கும். அப்படியானால் கிளப்புவதற்கு முன் ஃபில்டர் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்துப் பார்க்கலாம். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

சைலன்சர் வழியாக மழைநீர் இறங்கிய வண்டியை இழுப்பதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். குழாய் மேல் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து வைக்கிற பாட்டன் காலத்து வழக்கத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

ஆளுக்கு வரும் ஆபத்தும் இருக்கிறது. அறுந்த சங்கிலி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. சங்கிலியைத் தாழ்வான இழுவைக் கம்பியில் மாட்டாமல் டாப் லிங்க் இருக்கும் உயரத்தில் மாட்டினால், முன் வண்டி மூக்கைத் தூக்கி ஓட்டுநர் மேலேயே கவிழும். திடீரென்று பிடித்துக்கொண்ட பின் வண்டி, கிளட்சை மிதிக்கத் தாமதமானால் முன் வண்டியில் மோதும். இவ்வளவும் இருந்தும் இழுவைக்காவது ஒரு நியாயம் உண்டு. தரையில் நின்றுகொண்டு செல்ஃப் மோட்டாரின் இரு முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. கியரில் கிடக்கும் வண்டி அப்படியே பிடித்து, முன்னால் நிற்பவர் மேல் ஏறிவிடும். பெட்ரோல் துணியைக் காற்றுக் குழாயில் காட்டுவதும் அப்படியே. அது பனி நாட்டுப் பிரச்சினைக்கான குறுக்கு வழி. பெரம்பலூர் வெயிலில் வண்டி கிளம்பாததற்குக் குளிர் ஒருநாளும் காரணமாக இருக்க முடியாது.

இனி இந்தப் பழக்கத்தின் நல்ல பக்கமும் சுருங்கப்போகிறது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகை விதி வந்துவிட்டது. அதற்காக வந்த காமன் ரெயில் எஞ்சின்களில் டீசலை அளந்து விடுவது கணினி. பேட்டரி செத்தால் அதுவும் செத்தது. ஊரைக் கூட்டி இழுத்தாலும் பிடிக்காது. அந்தக் குழாய்களில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். பழைய பழக்கத்தில் நட்டைத் தளர்த்தினால் டீசல் ஊசியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சங்கிலியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை எடுக்கப் போகும் வழியில் இரண்டு இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்: டேங்கின் டீசல் குழாய் மூடியிருக்கிறதா, நிறுத்தும்போது இழுத்த ஸ்டாப் கம்பி அப்படியே வெளியே நிற்கிறதா. நாலு பேர் வியர்க்க இழுத்த பிறகுதான் பல கொட்டகைகளில் அது கண்ணில் படுகிறது.