வளைவில் ஹெரால்டு, வேகத்தில் சான்ட்ரோ

காரின் கையாளுமையைச் சோதிக்கப் பந்தயத் தடம் தேவையில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குக் காலையில் வாருங்கள். நெசவாளர்கள் தெரு நெடுகப் பாவு நீட்டியிருப்பார்கள். பட்டு இழைக்கு முன்னால் ஹாரன் அடித்துப் பயனில்லை. வண்டியைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஒரே வீச்சில் திரும்புகிறதா, முன்னும் பின்னுமாக இழுபறியா என்பதில் வண்டியின் வடிவமைப்பு தெரிந்துவிடும்.

ஒப்பிட எடுத்துக்கொண்ட இரண்டும் நம் பக்கத்து வண்டிகள். 1961-இல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வண்டலூர் அருகே பெருங்களத்தூரில் உருவானது. 1998-இல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ, காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது.

தெருச் சோதனையில் கிழவன்தான் வெற்றி பெறுகிறான். ஹெரால்டின் முன்சக்கரங்கள் அவ்வளவு தூரம் மடங்கும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். சான்ட்ரோவுக்கு ஏறக்குறைய 29 அடி வேண்டும். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்த ஹெரால்டின் உடல் அழகுக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கவும் ஏற்றது. பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினைப் பிரிக்கலாம். இந்த வசதியை இன்றைய கார்களில் பார்ப்பது அரிது.

ஆனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆட்டம் மாறுகிறது. ஹெரால்டு 948 சிசி, சுமார் 35 குதிரைத் திறன். சான்ட்ரோ 999 சிசி, 55. ஐம்பத்தோரு சிசி கூடுதலுக்கு இருபது குதிரை கூடுதல்! காரணம் இன்ஜினின் அளவல்ல. சிலிண்டருக்கு மூன்று வால்வு, கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக அளந்து தெளிக்கும் எரிபொருள் இன்ஜெக்‌ஷன். காலைக் குளிரில் சோக்கை இழுத்துக்கொண்டு மன்றாட வேண்டியதில்லை. ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்ஸில் இன்னொரு பலவீனம். வேகமாக வளையும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடிந்து, வால் வெளியே வீசும்.

சான்ட்ரோவின் உயரத்தைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. கல்யாணப் பட்டெடுக்க காந்தி ரோட்டுக்கு வரும் குடும்பத்தில், முழங்கால் வலிக்கிற பாட்டி குனியாமல் ஏறி இறங்குவதைப் பார்த்தால் அந்த உயரத்தின் அருமை புரியும். என் தீர்ப்பு சான்ட்ரோவுக்கே. வளைவில் தோற்றாலும், தினமும் நம்பி ஏறக்கூடிய வண்டி அதுதான்.

அந்த முதல் தலைமுறை சான்ட்ரோவும் இப்போது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. நல்ல நிலையில் ஒன்றை வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். எத்தனையோ ஹெரால்டுகளை நாம் அப்படித்தான் இழந்தோம்.