குறுஞ்செய்தியும் குடியும்: ஒரு திறனாய்வு நோக்கு

கதை வாசகனின் நடத்தையை மாற்றுமா என்ற வினா நமது விமர்சன உலகுக்குப் புதியதன்று. கலை கலைக்காகவே என்போரும், கலை மக்களுக்காகவே என்போரும் அவ்வினாவின் மேற் பல பக்கங்களைச் செலவிட்டுள்ளனர். ஆயினும் அதனை அளந்து பார்க்கும் வாய்ப்பு இலக்கியகாரருக்கு எளிதிற் கிட்டுவதில்லை. மருத்துவத் துறையினருக்கு அது கிட்டியது. ஸ்கொத்லாந்தின் டண்டிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் குறொம்பியும் அவரது குழுவினரும் நடத்தி, 2018 இல் முடிவுகளை வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் நமது கவனத்துக்குரியது.

பின்தங்கிய பகுதிகளில் வாழும், 25 முதல் 44 வயது வரையான 825 ஆண்கள் அவ்வாய்விற் சேர்க்கப்பட்டனர். ஒரு சாராருக்கு 12 வாரங்களில் 112 குறுஞ்செய்திகள் கையடக்கத் தொலைபேசி வழியாகச் சென்றன. மற்றைய சாராருக்கு மதுவைப் பற்றி எதுவும் பேசாத பொதுச் சுகாதாரச் செய்திகளே சென்றன. குடியை முற்றாக விடும்படி எவரும் கேட்கப்படவில்லை. ஓர் அமர்வில் 8 அலகுக்கு மேற் குடிப்பதைக் குறைப்பதே நோக்கமாயிருந்தது. (அங்கு ஓர் அலகு என்பது 10 மில்லிலீற்றர் தூய மதுசாரம்.)

மதுவொழிப்புப் பிரசாரத்துக்கென ஒரு தொனி உண்டு. அது மேடைத் தொனி. குடிப்பவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, மனைவியின் கண்ணீரையும் பிள்ளைகளின் பசியையும் சாட்சிக்கு அழைப்பது அதன் வழக்கம். நமது சமூக நாடகங்கள் பலவும் இத்தொனியிலிருந்து விடுபடவில்லை. டண்டிக் குழுவினர் வேறு வழியை நாடினர். நடத்தை மாற்றத்துக்கான உளவியல் உத்திகளை ஒரு கதைப்போக்கினுள் வைத்து, இடையிடையே வினாக்களைத் தொடுத்து, வாசகனைப் பதிலெழுதத் தூண்டினர். குறுஞ்செய்தியின் உருவமே இதற்கு இடமளித்தது. ஒரு செய்திக்கு 160 எழுத்துகளே எல்லை; அதற்குள் உபதேசம் நெடிது வளர இயலாது. (தமிழில் எழுதின் அவ்வெல்லை 70 குறிகளாகச் சுருங்கும், உயிர்மெய்கள் பல இரண்டு குறிகளை விழுங்கிவிடும். இம்முறையைத் தமிழுக்குக் கொணர விரும்புவோர் முதலிற் கற்கவேண்டியது சொற்சிக்கனமே.) செய்தி பெற்றவருள் 92 வீதமானோர் பதிலெழுதினர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பத்துத் தடவைக்கு மேல் எழுதினர். இத்தகைய வாசகர் கூட்டம் எந்த நாவலாசிரியருக்கும் வாய்த்ததில்லை.

நிற்க. அக்கதையின் கட்டுக்கோப்பைக் கருத்தூன்றி நோக்குமிடத்து அதன் குறை புலனாகும். ஜேர்மானிய உளவியலாளர் றால்வ் ஷ்வார்சர் வகுத்த நடத்தை மாற்ற மாதிரியொன்றே அதன் எலும்புக்கூடு. முதலில் எண்ணம் பிறக்க வேண்டும்; பின்னர் திட்டம் வகுக்கப்பட வேண்டும்; அதன்பின் தன்னம்பிக்கையோடு அதனைப் பேண வேண்டும். நமது முற்போக்குச் சிறுகதைகளின் வீழ்ச்சிக் காலத்தில், தொழிலாளி இறுதிப் பந்தியிற் கட்டாயம் விழிப்படைந்து சங்கத்திற் சேர்ந்தான் அல்லவா? அதற்கும் இதற்கும் உருவத்தளவில் அதிக தூரமில்லை. இரண்டிலும் முடிவு கதைக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

விளைவு யாது? ஓராண்டின் பின் அளந்தபோது, 30 நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ அளவுமீறிக் குடிப்போரின் வீதம், மதுபற்றிய செய்தி பெற்றோரிடம் ஏறத்தாழ 6 வீதத்தாலேயே மேலதிகமாகக் குறைந்திருந்தது. புள்ளிவிபரவியல் நோக்கில் இது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம்.

இதனைக் கொண்டு குறுஞ்செய்தி பயனற்றதெனத் தீர்ப்பளிப்பது அவசரமாகும். அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க்கைச் சேர்ந்த பிறையன் சபொலெற்றோ குழுவினர், மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்த 18 முதல் 25 வயதுவரையான 765 பேரிடம் நடத்திய ஆய்வை 2014 இல் வெளியிட்டனர். வாரவிடுமுறைக்கு முன் ஒரு வினா, முடிந்தபின் ஒரு வினா என 12 வாரங்கள் செய்திகள் சென்றன. வினாவோடு தம் விடைக்கேற்ற மறுமொழியும் பெற்றவர்களிடம் மிகைக்குடி குறைந்தது. வினா மட்டும் பெற்றவர்களிடம் குறையவில்லை. கேட்டுவிட்டு மௌனமாயிருப்பது உரையாடல் ஆகாது என்பதை இது காட்டுகிறது.

எனவே குறை உருவத்திலன்று, உள்ளடக்கத்திலேயே தேடப்பட வேண்டும். டண்டிக் குழுவினர் தம் வாசகரைத் தெரிவுசெய்தது அவர்கள் வாழ்ந்த பகுதியின் வறுமை கொண்டு. அதாவது ஒரு சமூகத் தொகுதியாக. பேசியதோ ஒவ்வொருவனது மனவுறுதியோடு. தெரிவுசெய்தபோது வர்க்கமாய்த் தோன்றியவன் செய்தி எழுதும்போது தனிமனிதனாகிவிட்டான். அவனது தெருமுனைக் கடையும் அங்கு மது விற்கும் விலையும் கதைக்கு வெளியே நின்றன.

அவ்விலையை வேறொரு கை தொட்டது. மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கும் சட்டத்தை ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் 2012 இல் நிறைவேற்றியது. விஸ்கி உற்பத்தியாளர் சங்கம் வழக்காடியது. 2017 நவம்பரில் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. 2018 மே 1 முதல் அலகொன்றுக்கு 50 பென்ஸுக்குக் குறைவாக மது விற்றல் ஆகாதென்றாயிற்று. 7.5 வீத மதுசாரமுள்ள 3 லீற்றர் அப்பிள் மதுப் போத்தலில் 22.5 அலகு உண்டு. அதன் விலை அப்போது 11 பவுண் 25 பென்ஸுக்குக் கீழிறங்க முடியாதிருந்தது. நேரடியாக மதுவால் நேரும் மரணங்கள், சட்டமில்லாதிருப்பின் நேர்ந்திருக்கக் கூடியவற்றிலும் 13.4 வீதம் குறைந்தன என 2023 இல் ஸ்கொத்லாந்துப் பொதுச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆண்களிடத்தும் வறிய பகுதிகளிலுமே இக்குறைவு மிகுந்திருந்தது. குறுஞ்செய்தி நாடிய வாசகரும் இவர்களே.

இச்சட்டமும் முழுமையானதன்று. குடிக்கு அடிமையானோர் குடியைக் குறைத்தமைக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அவர்களுட் சிலர் உணவைக் குறைத்துக்கொண்டு விலையை ஈடுசெய்தனர். ஆயினும் 2024 செப்டெம்பரில் அவ்விலை 65 பென்ஸாக உயர்த்தப்பட்டது.

விலைச்சட்டம் எவனையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அதற்கு எவரும் பதிலெழுதுவதுமில்லை. அந்த 112 செய்திகளுக்கோ பதில்கள் வந்து குவிந்தன. மாதிரியின் எந்தப் படியை வாசகன் எட்டினான் என்பதற்குச் சான்றாக அவை கொள்ளப்பட்டன. மருத்துவ ஆய்வாளர் அவ்வாறு வாசித்ததிற் குறைகாண இடமில்லை. அவர்களது தொழில் அது. ஆனால் தன் குடியைப் பற்றித் தானே, தன் சொற்களில், ஒரு வரியில் எழுதும் உழைப்பாளியின் மொழியை வாசிப்பது மருத்துவத் துறைக்கு மட்டும் உரிய வேலையன்று.