இரண்டு பேர் பிடித்தால்தான் கயிறு

மருதாணிக்கு ஒரு மேசை, கோலத்துக்கு ஒரு மேசை, உல்லன் நூலுக்கு ஒரு மேசை. சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி வைத்தால் இவற்றில் குறைந்தது இரண்டு இருக்கும். வரிசை நீள்வது மருதாணிக்குத்தான். ஆனால் அங்கே பிள்ளை கையை நீட்டினால் போதும், வேலை செய்பவர் வேறொருவர். விரலுக்கு வேலை இருப்பது நட்புக் கயிறு பின்னும் மேசையில். அந்த மேசையில் சில முறை தொண்டூழியராக உட்கார்ந்திருக்கிறேன். அதன் அருமையும் தெரியும், அங்கே நாங்கள் செய்யும் சின்ன ஏமாற்றும் தெரியும்.

வழக்கமான கருவி அட்டைத் தட்டு. கேக் பெட்டி அட்டையை உள்ளங்கை அளவுக்கு வட்டமாக வெட்டி, ஓரத்தில் எட்டுக் கீறல், நடுவில் ஒரு துளை. ஏழு நூல்களை ஒரு முனையில் முடிந்து துளைக்குள் விட்டு, கீறலுக்கு ஒன்றாக மாட்டினால் ஒரு கீறல் காலியாக நிற்கும். காலி இடத்தைக் கீழே வைத்து, வலப்பக்கமாக எண்ணி மூன்றாவது நூலைத் தூக்கி அதில் மாட்ட வேண்டும். இப்போது வேறொரு இடம் காலி. தட்டைத் திருப்பு, மறுபடி மூன்றாவது. பாடம் இவ்வளவுதான். ஜப்பானியரின் குமிஹிமோ பின்னலுக்கு ஏழைச் சொந்தம் என்று சொல்லலாம்.

இதில் குறை சொல்லக் கூச்சமாக இருக்கும் அளவுக்கு நல்லது இருக்கிறது. மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும், தமிழ் தெரிய வேண்டியதில்லை. தப்பு செய்தால் பிரித்துக்கொள்ளலாம். செலவு சில வெள்ளி. தட்டுக்குக் கீழே உருண்டையாகப் பின்னல் எலிவால் போல இறங்குவதைப் பார்த்துவிட்ட பிள்ளை, அம்மா கைப்பேசியை நீட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிக்கல் நேரத்தில் வருகிறது. ஒரு குழுவுக்குப் பதினைந்து, இருபது நிமிடம்தான் ஒதுக்குவார்கள். முதல்முறை தட்டைப் பிடிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம்கூடப் போதாது. அதனால் தொடக்கத்தை நாங்களே பின்னி வைத்திருப்போம். நடுவில் பிள்ளை ஒரு விரற்கடை பின்னும். மணி அடிக்கப் போகிறது என்றதும் தட்டை வாங்கி நாங்களே முடித்துவிடுவோம். “நீ கலர் மட்டும் சொல்லும்மா” என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் இது இன்னொரு மருதாணி மேசையாகிவிடுகிறது. பாதிப் பின்னலோடு தட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது இதைவிட நேர்மையானது. அப்படிச் செய்தால் ஏற்பாட்டாளருக்குப் படம் கிடைக்காது, அவ்வளவுதான்.

பெரிய குறை வேறு. பெயர் நட்புக் கயிறு, நண்பரைத்தான் காணோம். பிள்ளை தனக்கென்று பின்னுகிறது, அதன் கையிலேயே அம்மா கட்டிவிடுகிறார், அடுத்த மேசைக்கு நகர்கிறார்கள். 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் தேசிய விளையாட்டரங்கில் ஆறு இரவுகள் பாடியபோது, வளர்ந்த பெண்கள் முன்பின் தெரியாதவர்களோடு மணிக் கயிறுகளை மாற்றிக்கொண்டார்கள். கைவேலை என்று பார்த்தால் எலாஸ்டிக்கில் மணி கோத்ததுதான். ஆனால் கொடுத்து வாங்குவது இருந்தது.

கயிற்றுக்குத் தானாக ஒரு பொருளும் கிடையாது, கட்டுகிறவர்தான் அதைக் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் சில பள்ளிகளில் மாணவர் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. சிங்கப்பூர் மேசைக்கும் அதற்கும் வெகு தூரம். ஆனாலும் “நிறத்தைத் தேர்ந்தெடு, கட்டிக்கொள்” என்பதோடு வேலை முடிந்துவிட்டால், அது நட்பைச் சொல்கிறது என்று எப்படி நம்புவது?

சிலர் வேறொரு குறை சொல்வார்கள்: சிராங்கூன் பக்கத்துப் பஃப்ளோ ரோட்டில் பூக் கட்டுகிறவர்கள் இருக்கும்போது ஜப்பானியத் தட்டு எதற்கு? கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். காம்பு எதிரெதிராக மொட்டு வைத்து, விரலில் நூலைச் சுழற்றி மாட்டி இறுக்கும் அந்தக் கை பல நாள் பழக்கத்தில் வருவது. பதினைந்து நிமிடத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது கசங்கிய மல்லிகைதான்.

எனக்குப் பிடித்தது கயிறு திரிப்பது. (கயிறு திரிக்கிறான் என்றால் நம் ஊரில் பொய் சொல்கிறான் என்று பொருள். இது அந்தத் திரிப்பு இல்லை.) ஒன்றரை மீட்டர் நீளத்தில் நாலைந்து நூல்கள். இந்த முனையை ஒரு பிள்ளை, அந்த முனையை இன்னொரு பிள்ளை. இழுத்துப் பிடித்தபடி ஆளுக்கொரு பக்கமாக முறுக்க வேண்டும். முறுக்கு ஏறி, நூல் சுருளத் துடிக்கும்போது, நடுவில் தொண்டூழியர் விரலை வைத்து மடிக்க, இரு முனைகளும் சேர வேண்டும். விரலை எடுத்ததும் இரண்டு பாதியும் ஒன்றை ஒன்று சுற்றிக்கொள்ளும். “அங்கிள், தானா சுத்துது!” என்று கத்தாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முடிச்சுப் போட்டு, இடையில் வெட்டினால் ஒரே நிறத்தில் இரண்டு கயிறு. ஐந்து நிமிட வேலை.

குறை இதிலும் உண்டு. ஒருவர் கை நழுவினால் எல்லாம் சிக்கு. கயிற்றைச் சாட்டையாக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். தட்டில் இருக்கும் எண்ணிக்கை, பொறுமை இதில் இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து தொடர ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இந்த மேசையில் ஒரு பிள்ளை மட்டும் இதைச் செய்ய முடியாது. எதிரில் இன்னொரு பிள்ளை நிற்க வேண்டும், இழுப்பதும் தளர்த்துவதும் அதன் கையைப் பார்த்துத்தான்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. உல்லன் என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக். பருத்தி நூல் சற்று விலை கூடும், பரவாயில்லை.

1964 ஜூலை 21 இனக் கலவரத்தை நினைவில் வைத்து, 1997 முதல் பள்ளிகள் அந்த நாளை இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. அதற்கு நூல் மேசை போடப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாற்காலிகளை எதிரெதிராகப் போடுங்கள். நூலைப் பிள்ளைக்கு ஒன்று என்று கொடுக்காமல், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று என்று கொடுங்கள். கத்தரிக்கோல் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.