மழலைச் செவியும் அசைக் கணக்கும்

எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம். பேசும்போது பெரும்பாலும் விடுவதில்லை. தெரியாத மொழியொன்றை வானொலியில் கேட்டால் இது விளங்கும். அப்படியிருக்க, ஒரு சொல்லும் அறியாத குழந்தை சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் எங்ஙனம் கண்டுகொள்கிறது?

அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் ஆகிய மூவரும் 1996இல் 'சயன்ஸ்' இதழில் இதற்கு ஒரு விடை தந்தனர். பி-டா-கு, கோ-லா-பு என்பன போன்ற பொருளற்ற மூவசைச் சொற்கள் நான்கைப் புனைந்து, செயற்கைக் குரலில், ஏற்ற இறக்கமோ நிறுத்தமோ இன்றி, முன்பின்னாகக் கலந்து இரண்டு நிமிடம் ஒலிக்கச் செய்தனர். கேட்டவை எட்டு மாதக் குழந்தைகள். 'பி'யை அடுத்து எப்போதும் 'டா'தான் வரும். 'கு'வை அடுத்தோ மற்ற மூன்று சொற்களுள் எதன் முதலசையும் வரலாம். மூன்றில் ஒரு வாய்ப்பு. இவ்வாறு நிகழ்தகவு சரியும் இடமே சொல்லின் எல்லை என்பது அவர்கள் கருத்து.

பின்னர் அச்சொற்களையும், அசைகளை மாற்றிக் கோத்த போலிகளையும் தனித்தனியே ஒலித்தபோது, குழந்தைகள் போலிகளையே கூடுதல் நேரம் கேட்டன. பழகியது சலிக்கும், புதியது ஈர்க்கும் என்பது விளக்கம். வேறுபாடு சராசரியாக ஒரு வினாடிக்கும் குறைவே. ஆயினும் இரண்டே நிமிடப் பழக்கத்தில் இது நிகழ்ந்ததை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

நமது ஐயம் வேறு. இக்குழந்தைகள் கணக்கிட்டன, ஒப்புக்கொள்வோம். வீட்டுப் பேச்சிலும் இக்கணக்கைக் கொண்டுதான் சொற்களைப் பிரிக்கின்றனவா? ஆய்வுமொழியில் எல்லாச் சொற்களும் மூவசை. எந்த நாட்டு மொழி அப்படி இருக்கிறது? ஈரசைச் சொற்களையும் மூவசைச் சொற்களையும் கலந்து எலிசபெத் ஜான்சனும் மைக்கேல் டைலரும் ஓர் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டனர். ஒரே நீளச் சொற்களில் தேறிய எட்டு மாதக் குழந்தைகள் கலப்பு நீளத்தில் தேறவில்லை. அப்படியானால் முதல் ஆய்வின் குழந்தைகள் பற்றிக்கொண்டது நிகழ்தகவையா, மும்மூன்றாக வரும் தாளத்தையா?

மறுப்பாக, பெலூச்சி, ஹே, சாஃப்ரன் ஆகியோரின் 2009ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டலாம். ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகள் இயல்பான இத்தாலியப் பேச்சிலும் இத்தகைய வேறுபாட்டை உணர்ந்தன. வலுவான சான்றுதான். ஆனால் அங்கும் சோதித்த சொற்கள் யாவும் ஈரசை. முதலசையில் அழுத்தம் பெறுபவை. ஆங்கிலச் செவிக்கு நன்கு பழகிய அமைப்பு அது!

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் தாய் 'பால் ஊத்து' என்று சொல்லும்போது காதில் விழுவது 'பா-லூத்-து'. முதற்சொல்லின் ஈற்று மெய் அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்துவிடுகிறது. எல்லை அசைக்குள்ளேயே புதைந்துபோகிறது. அசைகளுக்கு இடையில் மட்டும் எல்லையைத் தேடும் கணக்கு இங்கே என்ன செய்யும்? ராச்செஸ்டர் மொழியில் ஒவ்வோர் அசையும் நம் உயிர்மெய்யெழுத்தைப் போலவே அமைக்கப்பட்டிருந்ததால், இக்கேள்வி எழவே வழியில்லாமல் போயிற்று.