முடிசூட்டு விழாவும் மறுப்புரிமையும்

இங்கிலாந்தின் முடிசூட்டு விழாவிலே பழைமை வாய்ந்த பகுதிகளுள் ஒன்று ஏற்புரைச் சடங்காகும். முடி புனைவதற்கு முன்னரே, அரசராகப் போகின்றவரை ஆலயத்தின் நாற்றிசைக்கும் காட்டி, இவரே ஐயத்துக்கிடமற்ற அரசர் எனக் கூறி, அவரை ஏற்று வணங்க இசைகின்றனரா எனக் கூடியிருப்போரை வினவுதல் மரபு. 1953ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கும், 2023ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கும் வெஸ்ட்மின்ஸ்ரர் ஆலயத்தில் இச்சடங்கு நடைபெற்றது. கூடியிருந்தோர் வாழ்த்தொலி எழுப்பித் தம் இசைவைத் தெரிவித்தனர். வினாவென ஒன்று எழுமாயின் அதற்கு ‘ஆம்’ என்றும் ‘அன்று’ என்றும் இரு விடைகள் இருத்தல் இயல்பு. ஆலயத்தினுள்ளே முதல் விடைக்கு மாத்திரமே இடமிருந்தது. அழைக்கப்பட்டோரே அங்குக் குழுமியிருந்தனராதலின் அதிற் குறைகாண்டற்கில்லை. இரண்டாவது விடைக்குரிய இடம் பொதுத் தெருவே. அத்தெருவில் அன்று நிகழ்ந்தது யாது, அது முறையாகுமா என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

முடியாட்சியை ஒழித்துக் குடியரசு நிறுவுதலை நோக்கமாகக் கொண்ட ‘றிப்பப்ளிக்’ என்னும் இயக்கத்தார் ட்ரபல்கர் சதுக்கத்திலே, முதலாம் சார்ள்ஸ் மன்னரின் சிலையருகிற் கூடி மறுப்புத் தெரிவிக்கத் திட்டமிட்டிருந்தனர். திட்டத்தை மறைத்தாரல்லர், பல மாதங்களுக்கு முன்பிருந்தே இலண்டன் பொலிசாரோடு கலந்து பேசி வந்தனர். அங்ஙனமிருந்தும் விழா தொடங்குமுன்பே, பதாகைகளை வண்டியிலிருந்து இறக்கும் வேளையில், இயக்கத்தின் தலைவர் உட்பட அறுவர் கைதுசெய்யப்பட்டனர். பதாகைகளைக் கட்டிவைத்த பட்டிகளே அவர்களுக்கு எதிரான சான்றாயின. ஏறத்தாழ 16 மணி நேரங் கழித்தே தலைவர் விடுவிக்கப்பட்டார். இரண்டு நாட்களின் பின் அவ்வறுவர் மீதும் நடவடிக்கை இல்லை என அறிவித்த பொலிசார், நிகழ்ந்ததற்கு வருத்தமுந் தெரிவித்தனர்.

பொலிசார் மறுப்பை முற்றாகத் தடுத்துவிடவில்லை என்பதையும் நடுநிலை கருதிக் கூறுதல் வேண்டும். மஞ்சள் உடையணிந்த நூற்றுக்கணக்கானோர் அச்சதுக்கத்தில் நின்று, இவர் எம் அரசரல்லர் எனக் குரலெழுப்பினர். ஊர்வலம் அவர்களைக் கடந்தே சென்றது. எனினும் அன்று கைதானோர் தொகை 64. இரவிலே தெருவிற் செல்லும் பெண்களின் பாதுகாப்புக்காக அபாய ஒலிக்கருவிகளை வழங்கிவந்த தொண்டர் மூவரும் அத்தொகையில் அடங்குவர். அவ்வொலியாற் குதிரைகளை வெருட்ட முயலக்கூடும் என்பது பொலிசாரின் ஐயம். விழாவைக் கண்டு மகிழ வந்த பெண்ணொருவர், எதிர்ப்பாளர் அருகே நின்ற காரணத்தால் 13 மணி நேரம் காவலில் வைக்கப்பட்டார். வலை அகலமாக விரிக்கப்பட்டது என்பதற்கு இவையே சான்றாகும்.

வலையை விரிக்க உதவியது புதியதொரு சட்டம். 2023ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் அவ்வாண்டு மே 2ஆந் திகதி அரச இசைவைப் பெற்றது. தம்மை ஒரு பொருளோடோ பிறரோடோ பூட்டிக்கொண்டு இடையூறு விளைத்தலும், அவ்வாறு பூட்டிக்கொள்ளுதற்கான கருவியை அந்நோக்கத்தோடு வைத்திருத்தலும் அடுத்த நாள் முதல் குற்றங்களாயின. முடிசூட்டு விழாவோ அதற்கு மூன்றாம் நாள். இச்சட்டத்தின் முதன்மையான குறை, கருவி என்பதற்கு அது வரம்பு கட்டாமையேயாம். கயிறும் பட்டியும் பூட்டும் சங்கிலியும் எவர் வீட்டிலும் உள்ளவை. அவை குற்றக் கருவிகளா என்பதை உடையவரின் நோக்கமே தீர்மானிக்கும். நோக்கமோ கண்ணாற் காணப்படுவதன்று. எனவே தெருவில் நிற்கும் பொலிஸ் அலுவலர் அதனை வேறொன்றினின்று உய்த்துணர வேண்டியவராகிறார். அவ்வேறொன்று பெரும்பாலும் உடையவரின் கொள்கையாகவே அமைந்துவிடுகின்றது. அரசரை வாழ்த்த வந்தவர் கையிலுள்ள பட்டி வெறும் பட்டி. மறுக்க வந்தவர் கையிலுள்ளதோ கருவி. கொள்கையைத் தண்டிக்கும் எண்ணம் சட்டமியற்றினோர்க்கு இல்லையெனினும், விளைவு அதுவாகவே முடிந்தது.

இப்போக்கு முடிசூட்டு நாளிலே திடீரெனத் தோன்றியதன்று. 2022ஆம் ஆண்டு செத்தெம்பரில் எலிசபெத் அரசியார் மறைந்தபின், புதிய அரசரின் பிரகடனம் ஊர்தோறும் வாசிக்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட் நகரிலே அதனைக் கேட்டு நின்ற ஒருவர், அரசரைத் தெரிந்தெடுத்தவர் யாரென உரத்துக் கேட்டமைக்காகக் கைதானார். அவர்மேற் சாட்டப்பட்ட குற்றம் பின்னர்க் கைவிடப்பட்டது. எடின்பரோ நகரில் பதாகை ஏந்திய பெண்ணொருவர் கைதானார். இலண்டனிலே வழக்கறிஞர் ஒருவர் எழுத்தொன்றும் இல்லாத வெற்றுத் தாளை ஏந்தி நின்றார். அரசரை ஏற்கவில்லையென அதில் எழுதினால் யாது நிகழும் என அவர் வினவ, பிறர் மனம் புண்படக்கூடுமாதலாற் கைதாக நேரிடலாம் என்றார் பொலிஸ் அலுவலர். மக்களுக்கு எதிர்ப்புரிமை உண்டென மேலதிகாரிகள் பின்னர் விளக்கம் வெளியிட்டனர். உரிமை மேலிடத்து அறிக்கையில் வாழ்ந்தது, தெருவிலே நலிந்தது.

பொலிசார் பக்கத்து நியாயங்கள் மூன்று. முதலாவது பாதுகாப்பு. பெருங்கூட்டமும் பிறநாட்டுத் தலைவரும் குதிரைப் படையும் ஓரிடத்திற் கூடும்போது சிறு குழப்பமும் பேரிடராகலாம். இஃது எளிதில் ஒதுக்கத்தக்க நியாயமன்று. ஆயினும் பாதுகாப்புக் கருதிய கைதுக்கு இடருக்கான சான்று வேண்டும். மாதக்கணக்காகப் பேச்சு நடத்தி, இடத்தையும் முறையையும் முன்கூட்டி அறிவித்தோரிடம் அத்தகைய சான்று காணப்படவில்லை.

இரண்டாவது, விழாக் காண வந்தோரின் மனநிறைவு. பல்லாயிரவர் மகிழ்ச்சியைச் சிலர் குலைத்தல் தகுமா என்பது வினா. இதற்கு விடை இங்கிலாந்தின் நீதிமன்றங்களே முன்னர் அளித்துள்ளன. 1882ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையினர் வெஸ்ரன் நகரிலே நடத்திய ஊர்வலத்தைப் பகைவர் தாக்கிய வழக்கில், முறையான செயலைச் செய்தவர், பிறர் செய்யும் முறைகேட்டை முன்னறிந்திருந்தார் என்பதனாற் குற்றவாளியாகார் எனத் தீர்க்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில், வேக்பீல்ட் பேராலயத்தின் படிகளில் நின்று சமயப் பிரசங்கஞ் செய்த பெண்கள் பற்றிய வழக்கில், எவருக்கும் உறுத்தாத பேச்சுக்கு மட்டும் வழங்கப்படும் சுதந்திரம் பெறுமதியற்றது என்னுங் கருத்தை நீதியரசர் செட்லி நிலைநாட்டினார். இவ்விரு தீர்ப்புக்களையும் ஒக்ஸ்போர்ட் தெருவில் எழுந்த ஒற்றைக் குரலோடு ஒப்பிட்டால் எப்பக்கம் நியாயம் என்பது வெளிப்படை.

மூன்றாவது நியாயம், எதிர்ப்பை வேறொரு நாளிற் காட்டலாமே என்பது. முடிசூட்டுக்கு மூன்று நாள் முன்பு, இத்தகைய விழாவிலே இடையூற்றைப் பொறுக்கும் அளவு குறைவாகவே இருக்கும் என இலண்டன் பொலிசார் அறிவித்தனர். விழா அரிது, ஆதலின் பொறுமையும் சிறிது என்பது அதன் கருத்து. ஆனால் விழாவின் அருமை இருபக்கமும் வெட்டும் வாள் போன்றது. முந்திய முடிசூட்டுக்கும் இதற்கும் இடையிற் கழிந்தவை 70 ஆண்டுகள். பரம்பரை ஆட்சிமுறையில் மக்கள் தம் கருத்தைத் தெரிவிக்கத் தேர்தல் நாள் இல்லை. அம்முறை மக்களை நோக்கி வெளிப்படையாக முகங்காட்டும் நாள் முடிசூட்டு நாளே. அந்நாளை இழந்தவர்க்கு வாழ்நாளில் மறுநாள் வாய்த்தல் அரிது.

இக்கண்கொண்டு நோக்குங்கால், 2017ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றம் ஹிக்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்பும் ஐயத்துக்குள்ளாகிறது. 2011ஆம் ஆண்டு ஏப்பிரில் 29ஆந் திகதி இளவரசர் வில்லியமின் திருமணத்தன்று, அமைதி குலையும் என அஞ்சிப் பொலிசார் பலரை முன்கூட்டியே கைதுசெய்தனர். வழக்குத் தொடுத்தோர் இரண்டரை மணி தொடக்கம் ஐந்தரை மணி வரை காவலில் இருந்து, நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லப்படாமலே, திருமணம் முடிந்தபின் விடுவிக்கப்பட்டனர். எதேச்சையான காவலினின்று தனியாளைக் காக்கவேண்டும் என்பதை ஏற்ற நீதிமன்றம், பொலிசார் தம் கடமையைச் செய்ய இயலாதவாறு சட்டத்துக்குப் பொருள் கொள்ளலாகாது எனவும் கூறிக் கைதுகளைச் சரிகண்டது. 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் முறைப்பாட்டை விசாரணைக்கு ஏற்கவில்லை.

தீர்ப்பின் தருக்கம் செம்மையானதே. அதன் பார்வைதான் குறுகியது. காவல் நீண்டதா குறுகியதா என்பதே அங்கு அளக்கப்பட்டது. எதிர்ப்பாளரின் இழப்போ மணிக்கணக்கால் அளக்கத்தக்கதன்று. ஊர்வலம் கடந்தபின் திறக்கப்படும் கதவினால் அவர் திரும்பப் பெறுவது உடலின் விடுதலையே. சொல்லின் வேளை போனது போனதே. குற்றச்சாட்டும் விசாரணையும் தண்டனையும் இன்றியே, நேரத்தைக் கடத்துவதனால் மாத்திரம் ஒருவரை வாய்மூடச் செய்ய இயலுமாயின், எந்தத் தண்டனைச் சட்டமும் அத்துணை வசதியானதன்று. 2023இல் நிகழ்ந்தது இவ்வாயிலின் ஊடாகவே நுழைந்தது எனலாம்.

அரச விழா அரசியலுக்கு அப்பாற்பட்டது, அதிலே சர்ச்சை புகுதல் முறையன்று எனக் கூறுவோரும் உளர். வரலாறு இதற்கு உடன்படாது. 1911ஆம் ஆண்டு யூன் 22ஆந் திகதி ஐந்தாம் ஜோர்ஜ் முடிசூடினார். அதற்கு ஐந்து நாள் முன்பு, ஏறத்தாழ 40,000 பெண்கள் வாக்குரிமை வேண்டி இலண்டன் தெருக்களில் அமைதியாக அணிவகுத்துச் சென்றனர். அவ்வணிவகுப்புக்கு முடிசூட்டின் பெயரையே சூட்டினர். அவ்வாண்டு திசெம்பர் 12ஆந் திகதி டில்லி தர்பாரிலே பரோடா மன்னர் சயாஜி ராவ் சுருக்கமாக வணங்கி, அரசருக்கு முதுகு காட்டித் திரும்பிச் சென்றார். பின்னர் அதற்கு அவர் விளக்கமும் வருத்தமும் எழுதியனுப்பினார். எனினும் அதனை அரசநிந்தை எனப் பிரித்தானியப் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. முதுகு திரும்பும் விதத்திலும் பொருள் காணும் விழாவொன்றை அரசியலற்ற விழா என்பது பொருந்துமா? மேலும் 2023ஆம் ஆண்டு முடிசூட்டின் பொருட்டு அரசாங்கம் செலவிட்ட தொகை 72 மில்லியன் பவுண். அப்பணம் வாழ்த்துவோரிடமும் மறுப்போரிடமும் ஒருங்கே பெறப்பட்டதாகும்.

உரிமைக்கு எல்லையுமுண்டு; அமைதி என்பதே அவ்வெல்லை. 2022ஆம் ஆண்டு நவெம்பரில் யோர்க் நகரிலே அரசரை நோக்கி முட்டை எறிந்தவர் நீதிமன்றத்திற் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதிற் குறைகூற இடமில்லை. இதனினும் கடியதொரு படிப்பினை 1921ஆம் ஆண்டு நவெம்பர் 17ஆந் திகதி வேல்ஸ் இளவரசர் பம்பாயில் வந்திறங்கியபோது கிடைத்தது. வரவேற்பைப் பகிட்கரிக்கும் அறவழி இயக்கம் கலவரமாக மாறி, வரவேற்கச் சென்றோர் தாக்கப்பட்டனர்; உயிர்களும் மாண்டன. காந்தியடிகள் அதற்காக உண்ணாநோன்பு இருந்தார். மறுப்பவரின் உரிமை வாழ்த்துபவரின் உரிமையை விழுங்குதல் கூடாது என்பதை அந்நோன்பு உணர்த்திற்று. அதே அளவுகோல் வாழ்த்துவோர் பக்கத்துக்கும் பொருந்தும்.

ஆகவே, கருவி வைத்திருத்தல் என்னுங் குற்றத்தைத் தெளிவான செயலாயத்தோடு பிணைத்து வரையறுத்தலும், முன்கூட்டிய காவலைக் கைதினுக்குரிய வலுவான சான்றின்றி அனுமதியாமையும், விழா முடியுமுன் ஒரு நீதவான் முன்னிலையில் நியாயங் கேட்கும் வாய்ப்பை அளித்தலும் அந்நாட்டுச் சட்டம் செய்யவேண்டியவையாம். இவை முடியாட்சிக்குப் பகையான கோரிக்கைகளல்ல. செவிக்குக் கைக்கும் சொல்லையும் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழே உலகு தங்கும் என்றார் வள்ளுவர். இறைமாட்சியின் இலக்கணமாக அவர் கூறியது அப்பொறுமையை. ஏற்கின்றீரா எனக் குடிகளை வினவும் சடங்கைக் காத்துவரும் நாடு, தெருவிலிருந்து வரும் மறுவிடையையும் கேட்டுப் பழகுமாயின், ஆலயத்துள் எழும் வாழ்த்தொலிக்கும் உண்மையான பெறுமதி உண்டாகும்.